மேடத்தின் ஹெட்போன்

இடது காதுப் பஞ்சு பிய்ந்து, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய ஹெட்போன். மாநில எல்லையோர மத்திகிரியில், என் வாடகை வீட்டில் என் கண்மட்டத்துக்கு ஓர் ஆணியில் தொங்குகிறது. ஊரெல்லாம் புதிது வாங்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் இதற்கு டேப் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மோட்டார் பாகம் சரிபார்க்கும் வேலையை முப்பத்தெட்டு வயதில் உதறிவிட்டு, எல்லைக்கு அந்தப்பக்கம் பெங்களூருவில் சினிமா முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். அங்கே பாடம் எடுத்த மேடம் என்னைவிட இரண்டு வயது சிறியவர். வகுப்பிலேயே மூத்தவன் என்பதால் என்னைப் 'பெரியவரே' என்பார். ஞாயிறுவரை சொந்தப் படத்தின் படப்பிடிப்பு, திங்கள் காலை செருப்பில் புழுதியோடு வகுப்பு. தன் சொதப்பல் காட்சிகளையே பாடமாகப் போடுவார்: "பாருங்க, இந்த எடத்துல நான் தூங்கிட்டேன்." ஒரு காட்சி முடிந்ததும், "யாரும் அசையாதீங்க" என்று அரை நிமிடம் அந்த அறையின் வெறும் ஓசையைப் பதிவுசெய்யச் சொல்வார். வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது வேண்டும்.

அந்த வருடம் ஆலைப் பெண்களைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படத்துக்கு நான்தான் ஒலிப்பதிவு. பக்கத்து வீட்டுப் பாயம்மாவிடம் அழைத்துப் போனேன். கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிறவர். கேமரா முன்னால், "வேலையெல்லாம் லேசுங்க மேடம். மாமியார் வீட்டு வேலைக்கு இது எவ்வளவோ மேலு" என்று சிரித்தார். கேமராவை அணைத்து டீ குடிக்கும்போது குரல் தணிந்தது. "வெரலெல்லாம் மரத்துப்போச்சுங்க. ஊக்கு குத்துனாலும் தெரியல. பையன் காதுக்குப் போயிடக் கூடாது. தெரிஞ்சா காலேஜ விட்டுட்டு கம்பெனி கேட்ல வந்து நிப்பான்."

மறுநாள் எடிட்டிங்கில்தான் என் லட்சணம் தெரிந்தது. ஒலிப்பதிவுப் பெட்டியின் பொத்தானை ஒருமுறை அதிகமாக அழுத்தியிருக்கிறேன். பேட்டியின்போது பெட்டி தூங்கியிருக்கிறது, அணைப்பதாக நினைத்து அழுத்தியதில் டீக்கு விழித்திருக்கிறது. பொய் போய், மெய் மட்டும் மிச்சம்.

"மேடம், கெடைச்சிடுச்சு! கை ஷாட்டு மேல இந்தக் குரலப் போட்டா படம் நிமிந்து நின்னுடும்" என்று குதித்தேன். படத்தின் நடுப்பகுதி தொய்கிறதென்று அவர் உறக்கம் கெட்டிருந்த நேரம். பத்து நாளில் ஒரு திரைப்பட விழாவுக்கு அனுப்ப வேண்டும்.

"நின்னுடும் பெரியவரே. ஆனா டீ குடிச்சிக்கிட்டு நம்மகிட்ட சொன்னாங்க. படத்துக்குச் சொல்லல."

"அப்ப பேட்டியத் திரும்ப எடுக்கலாமே?"

"லேசுன்னு இன்னொரு தடவ சொல்லச் சொல்லவா? தெரிஞ்சே பொய் வாங்கச் சொல்றீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை மேடம் இரண்டு பஸ் மாறி பாயம்மா வீட்டுக்கு வந்தார். பாயம்மாவின் முக்காட்டின் மேலேயே ஹெட்போனை மாட்டிப் பதிவைப் போட்டுக் காட்டினார். "ஐய, என் கொரலா இது? தகரத்துல ஆணி இழுக்கறாப்ல!" என்று தொடங்கிய பாயம்மாவின் சிரிப்பு மெல்ல வடிந்தது. "வேணாம் மேடம்" என்றார். மேடம் அவர் விரலையே பிடித்து அழிக்கும் பொத்தானில் வைத்தார். அழிந்தது. பிறகு வழக்கம்போல, "யாரும் அசையாதீங்க." அரை நிமிடம். பக்கத்து வீட்டுக் குக்கர், தூரத்தில் டவுன் பஸ். பாயம்மா மடியில் கைகளை வைத்தபடி மூச்சடக்கி இருந்தார். எனக்கு மேடத்தின் மேல் அவ்வளவு ஆத்திரம்.

விழாவில் படம் தேர்வாகவில்லை. வகுப்பில் போட்டார். நடுவில் பெட்டி மடிக்கும் கைகள், அதன்மேல் அந்த அரை நிமிட அமைதி. "மேடம், இங்க படம் உக்காந்துடுது" என்றாள் ஒரு மாணவி. "ஆமா. இங்க ஒரு பேட்டி இருந்துது. ஹெட்போன் மாட்டிச் சரிபாக்காம விட்டது நான்." மூன்றாம் பெஞ்சில் இருந்த என் பக்கம் அவர் பார்வை திரும்பவே இல்லை. வகுப்பு கலைந்தபின் தன் ஹெட்போனை என் பையில் திணித்தார். "இனிமே ரெண்டு தடவ பாருங்க."

ஆத்திரம் அன்றைக்கே செத்தது. பிறகு ஒலிப்பதிவே என் தொழிலாகி, எத்தனையோ பேரின் குரலை இந்தக் காதில் கேட்டுவிட்டேன். ஒவ்வொருவரும் தன் குரலைக் கேட்டுச் சம்மதித்த பிறகே பெட்டியை மூடுகிறேன்.

போன மாதம் பாயம்மா வாசலில் நின்றார். மகன் படித்து முடித்துச் சென்னையில் வேலைக்குப் போய்விட்டான். இவர் கம்பெனியை விட்டாயிற்று. "தம்பி, அன்னைக்கு அழிச்சமே, அத இப்ப சொல்றேன். மேடத்த வரச் சொல்லு."

மேடம் வந்தார். முடியில் நரை, செருப்பில் அதே புழுதி. பாயம்மா தன் வீட்டு ஜன்னலடியில் உட்கார்ந்து கைகளை விரித்து வைத்தார். என் வீட்டு ஆணியிலிருந்து எடுத்து வந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பதிவாவதைக் காட்டும் பெட்டியின் சிவப்பு விளக்குப் பொட்டைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

"எரியுதா தம்பி?" என்றார் பாயம்மா.

"எரியுது பாயம்மா."

மேடம் பக்கென்று சிரித்துவிட்டார். அதுவும் பதிவாகியிருக்கிறது.