நாலாம் கொம்பியூட்டர், வியாழன் 6.12

முதலில் யார் யார் இருந்தோம், எங்கே இருந்தோம் என்று எழுதிவிடுகிறேன். பிறகு ஒருவரும் நான் கனவு கண்டேன் என்று சொல்லக்கூடாது.

2001 ஓகஸ்ட் 30, வியாழக்கிழமை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. அதில் ஒரு நெற் கபே. வாசலோடு ரெலிபோன் மேசை. அதில் முதலாளி ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை. சுவரோரமாக நாலு கொம்பியூட்டர். ஒன்றாம் இலக்கத்தில் றொபேட். கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் ரியூசனுக்கு வருகிறவன். இரண்டாம் இலக்கம் பழுது. மூன்றில் என் சிநேகிதி ஹமீமா. நாலில் நான். மொத்தம் நாலு பேர். நாலு பேரும் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறோம். கேட்டுப் பார்க்கலாம்.

என் பெயர் கனகேஸ்வரி. அப்போது பதினேழு வயது. சுன்னாகத்திலிருந்து ஏ.எல். படிக்க வந்து வெள்ளவத்தையில் மாமி வீட்டில் தங்கியிருந்தேன். அப்பா ஊரில் சங்கக்கடை மனேச்சர். எந்தக் கடிதத்தையும் காபன் வைத்து எழுதி, இலக்கம் போட்டு, பிரதியைக் கோவையில் வைப்பது அவருடைய பழக்கம். எனக்கும் அதே பழக்கம்.

ஞாயிறு வாரப் பத்திரிகை ஒன்றில் இளையோர் பக்கம் வரும். அதில் ‘இந்த வார இணையத்தளம்’ என்று ஒரு மூலை. எங்கள் வயதுக்காரர் பொழுது போக்கக்கூடிய தளம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதைப் பற்றிப் பத்து வரி எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். கடதாசியில் பூ மடிக்கச் சொல்லித் தரும் தளம். முத்திரை சேர்ப்பவர்களின் தளம். கணினிக்குள்ளேயே நாய்க்குட்டி வளர்க்கிற தளம். தீக்குச்சி வித்தைக்கென்றே ஒரு தளம். வாரத்துக்கு ஒன்றுதான் போடுவார்கள். கீழே அனுப்பியவர் பெயரும் ஊரும் வரும்.

ஒரேயொரு தடவை என் பெயர் அங்கே வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அப்பாவுக்கும் எழுதிவிட்டேன், ஞாயிறு பேப்பரைத் தவறாமல் பாருங்கோ என்று. யாழ்ப்பாணத்துக்குப் பேப்பர் நாலைந்து நாள் பிந்தித்தான் போகும். அப்பா தவறாமல் வாங்கினார்.

ஜூன், ஜூலை இரண்டு மாதத்திலும் ஏழு கடிதம் அனுப்பினேன். ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரே பெயர்தான் வந்தது.

டோரின் செபமாலை, கொட்டாஞ்சேனை.

அந்தப் பெயர் அச்சில் பார்க்கவே வடிவாக இருந்தது. அதுவும் எனக்கு எரிந்தது. ஜூலைக் கடைசியில் அப்பாவின் கடிதம் வந்தது. ‘உன் பெயரை இன்னும் காணவில்லை. டோரின் என்ற பிள்ளை நன்றாக எழுதுகிறது. அதைப் பார்த்துப் பழகவும்.’ அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மாமி வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஓமத்தண்ணி தந்தார்.

ஓகஸ்ட் 5ஆம் திகதியும் டோரின்தான். கடதாசி ரோஜாத் தளம். அப்படி என்ன பெரிய தளம், பார்த்துவிடுவோம் என்று அடுத்த நாள் கபேக்குப் போய் நாலாம் இலக்கத்தில் இருந்தேன். முகவரியில் மூன்று எழுத்துத்தான் அடித்தேன். மீதியைக் கொம்பியூட்டரே நிரப்பியது.

யாரோ இதில் முன்பே பார்த்திருக்கிறார்கள்.

பார்த்த பக்கங்களின் பட்டியலைத் திறந்தேன். போன வியாழன் என்று இருந்தது. ரோஜாத் தளத்துக்குக் கீழே இன்னும் பத்துப் பன்னிரண்டு முகவரிகள். எல்லாம் இன்னும் பேப்பரில் வராதவை. எனக்கு விளங்கிவிட்டது. டோரின் இங்கேதான் வருகிறாள். இதே கதிரையில் இருந்துதான் தேடுகிறாள்.

“அண்ணை, கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒண்டு இஞ்ச வாறதோ? டோரின் எண்டு?”

ஸ்ரீ அண்ணை பதிவுக் கொப்பியைப் புரட்டினார். பொலிஸ் கேட்குமென்று பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதாமல் ஒருவரையும் இருக்க விடமாட்டார். “இல்லைப் பிள்ளை. பொம்பிளைப் பிள்ளையள் எண்டால் நீரும் ஹமீமாவும்தான்.”

நான் நம்பவில்லை. அந்தப் பட்டியலிலிருந்து ஒரு முகவரியைக் களவாக எழுதிக்கொண்டு போனேன். பத்து வரி எழுதி, என் பெயரைப் போட்டு, அன்றே அனுப்பினேன். கொப்பி அடித்தது பிழை என்று தெரியும். ஆனால் அவள் அனுப்புவதற்கு முன் நான் அனுப்பிவிட்டேன் என்ற சந்தோசம் இருக்கிறதே... அதைச் சொல்லத் தெரியவில்லை.

ஓகஸ்ட் 12. என் தளம் வந்திருந்தது. என் பத்து வரியும் அப்படியே வந்திருந்தது. கீழே டோரின் செபமாலை.

ஒவ்வொரு திங்களும் பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். 19ஆம் திகதியும் அப்படி. 26ஆம் திகதியும் அப்படி.

திங்கட்கிழமை போய்ப் பட்டியலை ஒழுங்காக ஆராய்ந்தேன். அதுவரை முகவரிகளைத்தான் பார்த்தேன், நேரத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக நேரத்தை எடுத்துக் கொப்பியில் எழுதினேன்.

ஓகஸ்ட் 9, வியாழன், பி.ப. 6.12.

ஓகஸ்ட் 16, வியாழன், பி.ப. 6.12.

ஓகஸ்ட் 23, வியாழன், பி.ப. 6.12.

கொம்பியூட்டரின் நேரத்தைச் சுவர் மணிக்கூட்டோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. ஆனால் அந்த மாதங்களில் வியாழக்கிழமைகளில் எங்கள் பகுதிக்கு ஐந்தரை தொடக்கம் எட்டு மணி வரை கரண்ட் வெட்டு. 6.12க்கு அந்தக் கொம்பியூட்டர் செத்துக் கிடக்கும்.

அதனால்தான் 30ஆம் திகதி நாலாம் இலக்கத்தை விட்டு எழும்பாமல் இருந்தேன்.

5.30க்குக் கரண்ட் போனது. அண்ணையின் மேசைக்குக் கீழே யூ.பி.எஸ். மட்டும் பீப்... பீப்... என்று கத்தியது. 5.34க்கு அவர் அதையும் நிறுத்தினார். வெளியே சரியான மழை. ஒருவரும் போகவில்லை. அண்ணை ஒரு மெழுகுதிரி கொளுத்தினார்.

“அஞ்சரைக்கு வீட்ட போயிருக்கலாம்,” என்றாள் ஹமீமா. “இவள் என்னயும் பிடிச்சி வச்சிக்கொண்டு ஈக்கிறாள். அணைஞ்ச டீவிய பாத்துக்கொண்டு.”

“படம் நல்லம் போல,” என்றான் றொபேட்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

6.05க்குப் பாணந்துறைப் பக்கம் ஒரு ரயில் போனது. கண்ணாடி அதிர்ந்தது. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

6.12.

“பிந்தும் எண்டு மனுசிக்கு ஒருக்கா சொல்லுவம்,” என்று அண்ணை ரெலிபோனை எடுத்தார். காதில் வைத்தார். உடனே தூரத்தில் பிடித்தார்.

எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

கீ...ய்ங்... கர்ர்ர்... கீ...

நெற்றில் யாராவது நிற்கும்போது அந்த லைனை எடுத்தால் வரும் சத்தம். எல்லோருக்கும் பழகிய சத்தம்.

“ஆர் நெற்றில நிக்கிறது?” அண்ணை பழக்கதோசத்தில் கேட்டுவிட்டார்.

நாலு திரையும் கறுப்பு.

அண்ணை மோடத்தின் வயரைச் சுவரிலிருந்து இழுத்து எடுத்தார்.

சத்தம் நிற்கவில்லை.

அப்போது என் முன்னால்... டக்.

கீபோர்ட்.

டக். டக்.

என் இரண்டு கையும் மடியில் இருந்தன.

மெழுகுதிரி வெளிச்சத்தில் பார்த்தேன். எழுத்துக் கட்டைகள் தாழ்ந்தன. எழும்பின.

என் வலது காதுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு. இழுத்து... இழுத்து... முட்டுக்காரர் விடும் மூச்சு.

“கனகேஸ்,” என்றாள் ஹமீமா. “இங்கால வா.”

எழும்ப முடியவில்லை.

டக்.

பிறகு ஒன்றும் இல்லை.

அண்ணை ரிசீவரை மெதுவாகக் காதில் வைத்தார். “லைன் செத்துப்போச்சு,” என்றார்.

சுவர் மணிக்கூட்டில் 6.14.

எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது. போட்டுப் பார்க்க வேண்டாம் என்று ஹமீமா கையைப் பிடித்தாள். நான் போட்டேன். பட்டியலில் அன்றைய திகதிக்குக் கீழே ஒரேயொரு தளம். நேரம் 6.12. அந்தத் திங்கட்கிழமை நான் களவாக எழுதி, என் பெயரோடு பத்திரிகைக்கு அனுப்பியிருந்த அதே தளம்.

செப்டெம்பர் 2, ஞாயிறு. அந்தத் தளம் வந்தது. டோரின் செபமாலை, கொட்டாஞ்சேனை.

பயம் ஒரு பக்கம். ஆனால் உண்மையைச் சொன்னால் பயத்தைவிட எரிச்சல்தான் கூட. எழுதியது நான். பெயர் அவளுக்கு. திங்கட்கிழமை காபன் பிரதிகளைக் கோவையோடு எடுத்துக்கொண்டு, ஹமீமாவையும் இழுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன்.

இளையோர் பக்கத்துக்குப் பொறுப்பு முத்துலிங்கம் ஐயா. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அலுமாரியிலிருந்து ஒரு கடிதக் கட்டை எடுத்தார்.

“இந்தப் பிள்ளை மே மாதக் கடைசியில ஒரே உறையில ஒன்பது தளம் எழுதி அனுப்பினது. நல்லாய் இருந்தது. கிழமைக்கு ஒண்டாய்ப் போட்டன். அது முடிய, தனித்தனியாய் வரத் துவங்கினது. அதையும் போட்டன்.”

ஒன்பதும் உருண்டையான, சின்ன எழுத்து. அதற்கு மேலே நாலு கடிதம் இருந்தன. அவற்றைப் பார்த்ததும் ஹமீமா என் கையை விட்டுவிட்டாள்.

என் எழுத்து. என் நீல மை. வலது மூலையில் நான் போடும் இலக்கம். பத்து வரி.

கீழே, என் கையெழுத்திலேயே, டோரின் செபமாலை.

காபன் பிரதியைப் பக்கத்தில் வைத்தேன். ஒரே அழுத்தத்தில் மேலும் கீழுமாக எழுதப்பட்ட இரண்டு தாள். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. பிரதியில் மட்டும் த. கனகேஸ்வரி என்று இருந்தது.

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“எழுத்து உம்மடை. பேர் உம்மடை இல்லை. எனக்கு இது விளங்கேல்லைப் பிள்ளை. ஒண்டு செய்யும். நாலும் நான் எழுதினது எண்டு ஒரு கடிதம் தாரும். வாற ஞாயிறு திருத்தம் போடுவம். உம்மடை பேர் பெரிசாய் வரும்.”

பெரிதாக வரும். படியிறங்கும்போது அது மட்டும்தான் காதில் நின்றது.

அன்று பின்னேரம் ரியூசன் வாசலில் றொபேட் நின்றான். அதுவரை நான் அந்தப் பெயரை அவன் முன்னால் சொன்னதே இல்லை. எரிச்சல் வெளியே தெரிந்துவிடும் என்ற வெட்கம்.

“உங்கட பக்கத்தில டோரின் செபமாலை எண்டு ஒருத்தியைத் தெரியுமா?”

அவன் முகம் மாறியது. “எங்க பெரியம்மாட மகள். எதுக்குக் கேக்குற?”

“எங்க இருக்கிறா?”

“மாதம்பிட்டியில,” என்றான்.

மாதம்பிட்டியில் இருப்பது சவக்காலை. கல்லறைகள்.

நடந்ததை றொபேட் சொன்னான். மே 31, வியாழக்கிழமை. டோரினுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம், ஆஸ்துமா. வீட்டில் தனியே இருந்திருக்கிறாள். பெரியம்மா புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை. பின்னேரம் வீட்டுக்கு ரெலிபோன் அடித்தால் எங்கேஜ். திரும்பத் திரும்ப எங்கேஜ். பிள்ளை நெற்றில் விளையாடுகிறாள், வந்து ஏசுவோம் என்று இருந்துவிட்டார். எட்டு மணிக்குத்தான் கதவைத் திறந்தார்.

“பிறகு நெற் பில் வந்திச்சு,” என்றான் றொபேட். “லைன் எடுத்தது 6.12.”

என் கொப்பியில் எழுதியிருந்த நேரமும் அதுதான்.

“அந்தக் கொம்பியூட்டரை வீட்ல வச்சிருக்க ஏலாதுன்னு பெரியம்மா விக்கச் சொன்னா. நான்தான் ஜூலையில ஸ்ரீ அண்ணைக்குக் கொண்டுவந்து குடுத்தேன். அதுதான் நாலு. அதுல நான் இருக்கிறல்ல.”

“பேப்பரில பேர் வாறது பெரியம்மாவுக்குத் தெரியுமா?”

“ஞாயிறு பூசை முடிஞ்சதும் முதல் வேல அதுதான். வெட்டி ஒட்டி வைப்பா.” அவன் நிலத்தைப் பார்த்தான். “ஒம்பது எழுதினாள், தபால்ல போட்டது நான்தான்னு பெரியம்மா சொல்றா. இப்ப பதிமூணு வந்திரிச்சு. நாங்க ஒண்ணும் கேக்கல்ல. அவவும் ஒண்ணும் கேக்கல்ல. ஒருநாள் மட்டும் சொன்னா, மகள் இன்னும் எழுதுறாள் என்டு.”

அடுத்த வியாழன் நான் அந்தக் கபேக்குப் போகவில்லை. ஹமீமாவோடு பம்பலப்பிட்டியில் வேறொரு கபேக்குப் போனேன். யாருடைய பட்டியலையும் திறக்கவில்லை. ஐந்து நாள் தேடி ஒரு தளம் கண்டுபிடித்தேன். இரவு வானத்தைப் பார்த்து நட்சத்திரங்களை அடையாளம் பிடிக்கப் பழக்கும் தளம். கரண்ட் வெட்டு நேரத்துக்கு அதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு இல்லை. நானே தேடியது. முழுவதும் என்னுடையது. டோரினின் பதின்மூன்றிலும் இதைவிட நல்ல தளம் ஒன்று இல்லை.

12ஆம் திகதி காலை மேசையில் இருந்தேன். திருத்தக் கடிதத்தை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி. சுன்னாகத்தில் அப்பா பேப்பரை விரித்து என் பெயரைத் தேடுவார். கொட்டாஞ்சேனையில் அந்த அம்மா பூசை முடிந்து வந்து அவளுடைய பெயரைத் தேடுவார்.

அப்போதும் எனக்குப் பொறாமை போகவில்லை. செத்துப்போனவளிடமும் பொறாமைப்படலாம். எனக்கு அது தெரியும்.

திருத்தக் கடிதத்தைக் கிழித்தேன். புதுத் தாள் எடுத்தேன். நட்சத்திரத் தளத்தைப் பற்றிப் பத்து வரி எழுதினேன். கீழே பெயர் எழுதும் இடம் வந்தது. ஒரு மூச்சும் கேட்கவில்லை. ஒருவரும் என் கையைப் பிடிக்கவில்லை. அறையில் நான் மட்டும்தான். நேரம் காலை 9.50. என் மனம் அறிய, என் கையால், ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன்.

டோரின் செபமாலை, கொட்டாஞ்சேனை.

மை காயும்வரை ஊதினேன். மடித்தேன். உறையின் ஓரத்தை நக்கி ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தினேன். வெள்ளவத்தைத் தபால் கந்தோரில் முத்திரை ஒட்டி, 10.40க்குச் சிவப்புப் பெட்டியின் வாய்க்குள் விட்டேன். அடியில் விழும் சத்தம் கேட்கும்வரை நின்றேன்.