தனித்தனியாக வேண்டும் என்றேன்

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியறை. அங்கே கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டு அண்ணன் முனகியது இன்னும் காதில் நிற்கிறது. திருவிழாக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவர். மேடையில் ஒருநாளும் வாய் திறந்து பாடாதவர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருஷங்கள் அவை. பிள்ளைகள் தமிழெழுத்துப் பழக ஒரு கணினி விளையாட்டை நாங்கள் நாலைந்து பேர் செய்துகொண்டிருந்தோம். கட்டற்ற மென்பொருள், யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அதற்கு அண்ணன் ஆறு பாட்டு போட்டுத் தந்தார். கடைசிப் பாட்டில் அவர் குரலே இருந்தது. "பாட ஆளு சிக்கல தம்பி, நானே முனகிட்டேன்" என்று வெட்கப்பட்டார்.

அந்த மாதிரி மென்பொருளின் உரிமத்தைக் கரைத்துக் குடித்தவன் என்று எனக்கு அப்போது ஒரு நினைப்பு. மென்பொருளைக் கொடுத்தால் போதாது, மற்றவர்கள் திருத்துவதற்குத் தோதான மூல வடிவத்தையும் கொடுக்க வேண்டும் என்பது விதி. படத்துக்கும் பாட்டுக்கும் அதேதான் என்று பிடித்துக்கொண்டேன். படம் வரைந்தவர் தன் மூலக்கோப்புகளைக் கொடுத்துவிட்டார். அண்ணனிடம் தபேலா தனி, குழல் தனி, குரல் தனி என்று பிரிந்த தடங்களைக் கேட்டேன். ஒன்றுகூட இல்லை. அவர் கேசட் காலத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கே தடங்களை ஒரே பாட்டாகக் கலந்து முடித்ததும் அவற்றை அழித்துவிட்டு, அதே நாடாவில் அடுத்த பாட்டைப் பதிவார்கள். கணினிக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. "ஆக்கி முடிச்சா சட்டியக் கழுவிக் கவுத்திரணும்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது இல்லாட்டி உங்க பாட்டச் சேக்க முடியாதுண்ணே."

"ஏந்தம்பி, போட்டவன் நானே தாரேங்கிறேன். இன்னும் எம்புட்டுத்தான் குடுக்க?"

ஆனாலும் அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் வந்து மறுபடி வாசித்துப் பார்த்தார். வாத்தியமெல்லாம் ஓரளவு வந்தது. அந்த முனகல் வரவில்லை. "அது அன்னைக்கு வந்துச்சு தம்பி. விடுங்க, தூக்கிருங்க" என்று எழுந்துபோனார். ஆறையும் தூக்கினேன். அத்தோடு விட்டேனா? பழைய பதிப்பில் இருந்தாலும் விதிமீறல்தான் என்று தேடித்தேடி எல்லாப் பிரதிகளையும் அழித்தேன், நண்பர்களையும் அழிக்க வைத்தேன். என்ன திமிர் எனக்கு! அதற்குப் பதிலாக, எல்லாத் தடங்களும் ஒழுங்காக இருந்த, உப்புச்சப்பில்லாத ஓர் இசையைச் சேர்த்தேன். அதற்குப் பிறகு அண்ணன் அந்த மாடிப்படி ஏறவில்லை.

சில மாதம் கழித்து, விவரம் தெரிந்தவர்கள் இதே சங்கதியை இணையத்தில் விவாதித்ததைப் படித்தேன். ஆக்கியவரிடமே தடங்கள் இல்லையென்றால், மிஞ்சியிருக்கும் ஒலிக்கோப்பையே மூலமாகக் கொள்ளலாம் என்று பலர் சொல்லியிருந்தார்கள். போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். அதற்குள் அழகர்கோவில் சாலையில் கச்சேரி வேன் கவிழ்ந்து அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுபவர், மாடியேறி வந்தார். "அந்த கேம்ல அவரு பாடுனது இருக்கும்ல தம்பி? வீட்டுல அவரு கொரலே இல்ல. ஒருக்கா கேட்டுட்டுப் போறேன்" என்றார். கணினியைத் திறந்து விளையாட்டை ஓட விட்டேன். புது இசை ஒலித்தது. முடியும் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"இது அவரு இல்லையே."

"பழசு அழிஞ்சு போச்சு மதினி."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவருதான் அழிச்சிருப்பாரு. எதையுமே வச்சுக்கிற மாட்டாரே அந்த மனுசன்" என்றார்.

"ஆமா மதினி" என்றேன்.

இன்றைக்கும் வழியில் பார்த்தால் நின்று பேசுகிறார். நான் இன்னும் அந்தப் பதிலைத் திருத்தவில்லை.