ஆறு நிமிடத்தில் காலியான விடுதி

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில், கோழிப்பண்ணைகளைத் தாண்டி இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். ஒரு முறை தீத்தடுப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. அதற்கு முன் அவசரகால ஒத்திகை ஒன்றை நடத்திக் காட்டும்படி தீயணைப்புத் துறையிலிருந்து கடிதம் வந்தது. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, ஒத்திகைக்குப் பொறுப்பு நான்தான் என்றார். ஏன் நான் என்று கேட்டேன்.

"நீங்கதானே மேடம் கெமிஸ்ட்ரி. நெருப்பு, கேஸெல்லாம் உங்க டிபார்ட்மென்ட்தானுங்களே."

அந்த மனிதர் இருபது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவர்.

நான் அதை உண்மையான வேலை என்று நம்பிவிட்டேன். எந்த வகுப்பு எந்தப் படியில் இறங்குவது, யார் தலைகளை எண்ணுவது என்று மூன்று பக்கத்துக்குத் திட்டம் எழுதினேன். முன்கூட்டியே அறிவிக்காமல் மணி அடிக்க வேண்டும் என்பது அதில் முதல் வரி. முதல்வர் அந்த வரியோடு நிறுத்திவிட்டார்.

"சொல்லாம கொள்ளாம மணி அடிச்சா புள்ளைங்க பயந்துக்கும் மேடம். பேரன்ட்ஸ் போன் பண்ணுவாங்க. நாலு நாள் நல்லாப் பழக்கிட்டு அப்புறம் பண்ணிக்கலாமுங்க."

ஆக, ஒத்திகைக்கு ஒத்திகை தொடங்கியது. நான்காம் நாள், மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளைகள் ஷூ மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தீப்பிடிக்கும் நேரத்தைக் கால அட்டவணையில் போட்டு வைத்திருந்த பள்ளி எங்களுடையதாகத்தான் இருக்கும்.

தாளாளருக்கு இதில் வேறொரு கணக்கு இருந்தது. அடுத்த ஆண்டு சேர்க்கைக்கு ஒரு வீடியோ வேண்டும். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர் ஒருவரை டிரோனோடு வரவழைத்தார். அவர் பிள்ளைகளைப் பார்த்து, "கொஞ்சம் பதட்டமா மூஞ்சிய வெச்சுக்கங்க, ஆனா அழகா இருக்கோணும்" என்றார். மயங்கி விழுவதற்கு ஒரு பெண் வேண்டியிருந்தது. படிப்பில் முதலாவதாக வருபவளைத் தேர்ந்தெடுத்தார்கள். மயக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை. புகைக்கு ஒரு பழைய இரும்பு டிரம்மில் ஈர வைக்கோலைப் போட்டுக் கொளுத்துவதாக ஏற்பாடு. டிரம்மை விடுதியின் கீழ்த்தளத்தில் இருந்த சமையல் கூடத்துக்குப் பின்னால் வைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் அங்கேதான் புகை நன்றாகத் தெரியும் என்று படம் எடுப்பவர் சொன்னார்.

ஒத்திகை நாளை யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பட்டியல் போட்டது நான். ஆசிரியர்கள், வார்டன்கள், பஸ் டிரைவர்கள், தோட்டக்காரர் வரை எழுதினேன். சமையல்காரர்களை எழுத மறந்துவிட்டேன். இன்னொன்றும் செய்தேன். தலை எண்ணும் தாளை முந்தின நாள் மாலையே எல்லாப் பெயருக்கும் நேராக டிக் போட்டு முடித்து வைத்தேன். அவசரத்தில் எழுதினால் கையெழுத்து கோணிப்போகும், வீடியோவில் நன்றாக இருக்காது என்று முதல்வர் சொன்னார். நானும் சரி என்றேன். மற்றவர்களை ஏளனம் செய்யும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

அன்று காலை பத்து மணிக்குத் தீயணைப்பு அதிகாரி இரண்டு வீரர்களோடு வந்தார். மணி அடித்தது. பிள்ளைகள் பதட்டமாகவும் அழகாகவும் இறங்கி வந்தார்கள். முதல் மாணவி குறித்த இடத்தில் மயங்கினாள். ஸ்ட்ரெச்சரில் தூக்கி மைதானத்தின் நடுவில் கிடத்தினார்கள். ஆறு நிமிடம். நான் தாளைப் பார்த்து, "எல்லாரும் வந்தாச்சு" என்று மைக்கில் சொன்னேன். தாளாளர் கைதட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போது விடுதிப் பக்கமிருந்து இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டது. நாலைந்து முறை கேட்டு நின்றது. சற்று நேரத்தில் தலைமைச் சமையல்காரர் அக்கா வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் ஒரு சிறுமி தொங்கிக்கொண்டிருந்தாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு இன்னும் இரண்டு மாணவிகள் பின்னால் நடந்து வந்தார்கள்.

புகை நாற்றம் வந்ததும் அவர் கேஸை மூடி, தன்னோடு வேலை செய்த ஐந்து பெண்களையும் வெளியே அனுப்பியிருக்கிறார். பிறகுதான், மாடியில் காய்ச்சலோடு படுத்திருந்த மூன்று பிள்ளைகளுக்குக் காலையில் கஞ்சி கொடுத்தனுப்பியது நினைவுக்கு வந்திருக்கிறது. மாடிப்படியில் கிரில் கேட் பூட்டிக் கிடந்தது. வகுப்பு நேரத்தில் யாரும் திரும்பிப் போய்ப் படுத்துவிடக் கூடாது என்று வார்டன் தினமும் பூட்டுவது வழக்கம். சாவி வார்டனின் கைப்பையில் இருந்தது. வார்டன் மைதானத்தில் கைதட்டிக்கொண்டிருந்தார். அடுப்பிலிருந்து அண்டாவை இறக்குவதற்கு வைத்திருந்த இரும்புக் கம்பியால் அக்கா பூட்டை உடைத்திருக்கிறார்.

"மூணு புள்ளைங்க மேல கெடக்குது. நீங்க என்னங்க இங்க கைதட்டிக்கிட்டு நிக்கறீங்க?"

முதல்வர் ஓடிப்போய்த் தாழ்ந்த குரலில், "அக்கா, இது நெசமில்லீங்க. சும்மா ஒத்திகை" என்றார்.

"பூட்டு நெசந்தானுங்களே."

அக்கா ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். மயங்கிய மாணவி கண்ணைத் திறந்துகொண்டு இன்னும் அதிலேயே படுத்திருந்தாள். எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சொல்லாமல் எழக் கூடாது என்று நாலு நாள் பழக்கியிருந்தோம்.

"எந்திரி சாமி, இவளப் படுக்க வெக்கோணும். ஒடம்பு கொதிக்குது."

அதிகாரி என்னிடம் வந்து தாளைக் கேட்டார். வார்டனிடம் அந்த மூன்று பேரின் பெயரை விசாரித்து, தாளில் விரலை வைத்துத் தேடினார்.

"மூணு பேருக்கும் டிக் இருக்குதுங்களே மேடம்."

"நேத்தே போட்டுட்டேன் சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தாளாளர் ஏற்பாடு செய்திருந்த சாப்பாட்டை வேண்டாம் என்றுவிட்டு ஜீப்பில் ஏறினார். "இன்னொரு நாள் வாரேனுங்க. எந்த நாள்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

மாலையில் கூட்டம் நடந்தது. மூன்று பிள்ளைகள் பூட்டிய கேட்டுக்குப் பின்னால் இருந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. சமையல் கூடத்துக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்பதைப் பற்றித்தான் நெடுநேரம் பேச்சு. பட்டியல் என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். தாளாளருக்கு அது போதவில்லை. அக்காவை வரவழைத்து, யாரைக் கேட்டுப் பூட்டை உடைத்தாய் என்றார்.

அக்கா கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆரையும் கேக்கலீங்க. இன்னொருக்கா அந்தக் கேட்டைப் பூட்டுனீங்கன்னா, நாங்க ஆறு பேரும் அடுப்புப் பத்த வெக்க மாட்டோமுங்க."

அரசுக் கடிதமும் என்னுடைய மூன்று பக்கத் திட்டமும் அசைக்காததை, மறுநாள் காலை இட்லி வராது என்ற பயம் அசைத்தது. விடிந்ததும் வெல்டிங் பட்டறையிலிருந்து ஆள் வந்து கேட்டையே அறுத்து எடுத்துக்கொண்டு போனார்.

அதிகாரி சொன்னபடியே ஒரு நாள் வந்தார், பருவத்தேர்வு நடக்கும்போது. அவரே மணியை அடிக்கச் சொன்னார். பிள்ளைகள் எழவில்லை. "எழுதிட்டிருக்கறத முடிச்சுட்டு எந்திரிங்க" என்று ஓர் ஆசிரியர் சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டு வகுப்புகள் ஒரே படியில் முட்டிக்கொண்டன. சின்னப் பிள்ளைகள் சிலர் அழுதார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. இந்த முறை வெற்றுத் தாளோடு நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினேன். ஒரு பெண் குறைந்தாள். ஓடிப்போய்த் தேடினேன். நூலகத்துக்குப் பக்கத்துக் கழிப்பறையில் இருந்தாள். கூட்டி வந்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். அதிகாரி பக்கத்திலேயே பொறுமையாக நின்றார். படிகளைப் பிரித்துவிடச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் திரும்ப நடத்த வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்.

முதல்வர் என்னைக் கூப்பிட்டு, அலுவலக அறிக்கையில் நேரத்தைக் கொஞ்சம் குறைத்துப் போடலாமா என்று கேட்டார். நான் ஆன நேரத்தை ஆனபடியே எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாரமும் நிம்மதியாகப் பாடம் நடத்தினேன்.