வெள்ளிக்கிழமைப் படம்

செமிலிங் பக்கத்து ரப்பர் எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டுத் திட்டியபோதுதான் எனக்கு உறைத்தது.

"தம்பி, உங்க படத்துல வெயில்னு போட்டிருந்துச்சு. இங்க மழை பெஞ்சு பாலெல்லாம் தண்ணியாப் போச்சு. வெள்ளிக்கிழமை வந்தாலே உங்க படம் சொதப்புது லா."

அதுவரை நான் வானத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். வானம் திருப்பிப் பேசாது என்பது ஒரு வசதி.

கெடா மாநிலத்தின் பாக்கார் ஆராங்கில் ஒரு கடை மாடியில் இருக்கிறது எங்கள் சிறிய அலுவலகம். வெளிநாட்டிலிருந்து வானிலைக் கணிப்புத் தரவை இணையத்தில் இறக்கி, வரைபடமாக்கி, எஸ்டேட்டுகளுக்கும் படகுக்காரர்களுக்கும் காலை ஏழு மணிக்குள் கைப்பேசியில் அனுப்புவோம். தரவு நூற்றுக்கணக்கான துண்டுகளாக வரும். கடைசித் துண்டு வராமல் படம் உருவாகாது. தாமதமானால் பக்கம் வெறுமையாக நிற்கும், ஆளாளுக்குக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். திட்டு வாங்கிச் சலித்துப்போய் நான் ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன். புதிய படம் வரும்வரை நேற்றைய படமே இன்றைய தேதியோடு போகும். பத்து நிமிடத்துக்கான ஒட்டு அது என்று நினைத்தேன்.

என் அண்ணன் எஸ்டேட் வேலையை விட்டுவிட்டுக் கோலா கெடாவில் படகு ஓட்டுகிறார். தூண்டில் போடுகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போவது தொழில். கெடாவில் வெள்ளி விடுமுறை என்பதால் அன்றுதான் அவருக்குக் கூட்டம். என் படத்தைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்க்க மாட்டார்.

அடுத்த வெள்ளி ஆறரை மணிக்கே தனியாக அலுவலகம் போனேன். மளமளவென்று வரவேண்டிய துண்டுகள் ஒன்று வந்து, நின்று, மறுபடி அதே துண்டு வந்து என்று இழுத்தன. வயரைப் பிடுங்கிச் செருகினேன். இணையப் பெட்டியை அணைத்துப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஏழு மணியும் தாண்டிவிட்டது. நேற்றைய படம் தானாகவே போய்விட்டது.

பிறகுதான் இணைப்பை யார் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். நாங்களேதான். எஸ்டேட்டுகளில் நாங்கள் நட்டிருக்கும் கேமராக்களின் ஒரு வாரப் பதிவு மொத்தமாகக் கோலாலம்பூர்த் தலைமையகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த நெரிசலில் 'கிடைத்தது' என்று எங்கள் கணினி சொல்லும் பதில் வெளியே போகவில்லை. பதில் போகாததால் வெளிநாட்டிலிருந்து அதே துண்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கோலாலம்பூர்க்காரர்கள் இதற்குத் தோதான நேரம் கேட்டபோது, வெள்ளி காலை, கெடாவே தூங்கும் என்று எழுதி அனுப்பியவன் நான்.

அதை நிறுத்தினேன். துண்டுகள் கொட்டின. ஏழே முக்காலுக்குப் புதிய படம் திறந்தது. சுமத்ராப் பக்கமிருந்து கருஞ்சிவப்பாக ஒரு புயற்காற்றுப் பட்டை. ஒன்பது மணிக்கு அது கோலா கெடாவுக்கு வெளியே நிற்கும் என்றது. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில்.

அண்ணனின் கைப்பேசிக்கு இணைப்பு கிடைக்கவில்லை. அண்ணியைக் கூப்பிட்டேன்.

"அவரு ஏழு மணிக்கே ஆறு பேர ஏத்திக்கிட்டுப் போயிட்டாரே. கடல் அமைதியா இருக்கும்னு உங்க படத்துல பாத்தாராம். ஏன் தம்பி?"

"சும்மாதான் அண்ணி," என்றேன். அந்தப் பொய் அவ்வளவு எளிதாக வந்தது எனக்கே பயமாக இருந்தது.

கடல் மீட்புக்காரர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். கோலா கெடா படகுத்துறையில் நான் இறங்கும்போது கடல் பக்கம் கறுத்துக் கிடந்தது. காற்று ஆளைத் தள்ளியது. இரண்டு மணி நேரம் ஒரு கடைக் கூரையின் கீழ் நின்றேன். வேண்டாத தெய்வம் இல்லை.

பதினொன்றரைக்கு வேறொரு படகு அண்ணனின் படகை இழுத்துக்கொண்டு வந்தது. தலைகளை எண்ணினேன். ஏழு. அண்ணனின் இடது கை மணிக்கட்டில் உடைந்து தொங்கியது. கரையேறியதும் தூண்டில் போட வந்தவர்களில் ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"காத்து வருதான்னு பாக்காமயா எங்களக் கூட்டிட்டுப் போனீங்க?"

"பாத்தேன் சார். என் தம்பி அனுப்புற படம். அதுல தப்பே வராது. கடல்தான் திடீர்னு மாறிடுச்சு." அதற்குள் என்னைப் பார்த்துவிட்டார். "இந்தா, அவனே வந்திருக்கான். நீயே சொல்லு தம்பி."

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"கடல் அப்படித்தான் சார்," என்றேன்.