மூன்று நாள் வேகாத சோறு

எங்கள் வீட்டு கேஸ் அடுப்பு மூன்று நாள் சரியாக எரியாமல் போனதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அப்பா இன்றுவரை அந்தப் பழியை ஏஜென்சிக்காரர்கள் மேல்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் இதைப் படித்தால் படிக்கட்டும். அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். இப்போது என்னைத் துரத்திப் பிடிக்க அவருக்குக் கால் வராது.

அந்த வருடம்தான் எங்கள் தெருவுக்கு கேஸ் வந்தது. அதற்கு முன் எல்லா வீட்டிலும் வேலிகாத்தான் முள்தான் எரிந்தது. ஏரிக்கரையில் அதை வெட்டிக் கட்டாகக் கட்டித் தலையில் தூக்கி வருவது அந்தந்த வீட்டுப் பெண்பிள்ளைகளின் வேலை. எங்கள் வீட்டில் அக்கா அதைச் செய்தாள். அவள் எட்டாவதோடு நின்றதற்கு வீட்டில் நாலைந்து காரணம் சொல்வார்கள். தினமும் மணி அடித்த பிறகுதான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அவளை வளவனூரில் கட்டிக்கொடுத்த மறுமாதமே அம்மா அலைந்து திரிந்து கேஸ் இணைப்பு வாங்கினாள். சிலிண்டர் வந்த அன்று மண்ணடுப்பைக் கடப்பாரையால் இடித்து, அந்த மண்ணை முருங்கை மரத்தடியில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

"இனிமே இந்த வூட்ல யாரும் முள்ளு ஒடைக்கப் போவறதில்ல" என்றாள். அப்பா சிரித்தார். தெருவில் பாதி வீடுகளில் சிலிண்டரை மூலையில் நிறுத்தித் துணி போர்த்திவிட்டு, பழையபடி முள்தான் எரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆயுத பூசை அன்று அம்மா அடுப்பைக் கழுவினாள். பர்னர்களைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைத்தாள். பொட்டு வைக்கும் வேலை எனக்கு. என் புத்தகப்பை, அப்பாவின் கரும்பு வெட்டும் கத்தி, விழுப்புரத்திலிருந்து சித்தப்பா ஓட்டி வந்திருந்த ஷேர் ஆட்டோ, அம்மாவின் சிலிண்டர் என்று ஒன்றையும் விடவில்லை. பர்னர் கழற்றிய அடுப்புக்குள் எட்டிப் பார்த்தேன். கேஸ் வரும் குழாய் முனையில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு இரண்டு பித்தளை மூக்குகள் இருந்தன. இத்தனை நாள் இருட்டில் கிடந்து உழைக்கிற அவற்றுக்கு மட்டும் பொட்டு இல்லையே என்று பாவமாக இருந்தது. இரண்டுக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் காலை அடுப்பைப் பற்றவைத்தால் தீ அகல்விளக்குத் திரி அளவுக்குத்தான் எழுந்தது. சிலிண்டர் மாற்றி ஐந்து நாள்கூட ஆகவில்லை. அப்பா தூக்கிப் பார்த்தார், நல்ல கனம் இருந்தது. ஒரு குலுக்குக் குலுக்கினார். பிறகு, ஆட்டோ ஓட்டுகிற காரணத்தால் உலகத்தில் உள்ள எல்லா எந்திரங்களும் தெரிந்தவராகிய சித்தப்பா வந்து உட்கார்ந்தார். ரெகுலேட்டரைக் கழற்றி உள்ளே கறுப்பு வாஷர் இருக்கிறதா என்று பார்த்தார். டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று தடவினார். மாட்டிய இடத்தில் சோப்பு நுரை தடவினார், குமிழி வரவில்லை. பர்னரை வெயிலில் தூக்கிப் பிடித்து ஓட்டைகளை எண்ணுகிறவர்போலப் பார்த்தார். இன்னும் ஒரு சாண் உள்ளே பார்த்திருந்தால் என் பொட்டு அவரைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

"அண்ணி, சிலிண்டர வெந்நீல நிக்க வெச்சா கொபகொபன்னு வரும். டீக்கடைல அப்டித்தான் பண்றானுங்கோ" என்றார்.

"அப்டிலாம் பண்ணக்கூடாதுன்னு கனெக்ஷன் குடுத்த அன்னிக்கே சொல்லிட்டாங்க. அதுவும் இல்லாம, வெந்நீ எதுல வெக்கறது தம்பி, உன் தலைலயா?"

ஆட்டோ உடனே விழுப்புரத்துக்குக் கிளம்பிவிட்டது.

கோளாறு எங்கே இருக்கிறது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று சொல்லாதது அடிக்குப் பயந்துதான். ஆனால் மறுநாள் சொல்லாததற்கு வேறு காரணம் வந்தது. வேகாத சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா, "மூணு கல்ல வெச்சி வெறகுல பொங்கு. பாப்பாக்குத்தான் பத்து வயசாவுதே. லீவு முடிஞ்சதும் மத்த புள்ளைங்களோட போயி நாலு முள்ளு ஒடச்சி போட்டுட்டு ஸ்கூலுக்குப் போவட்டும்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் சோட்டுப் பெண்கள் எல்லோரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். ஆளுக்கொரு கத்தி வைத்திருந்தார்கள். கோவைப்பழம் தின்று நாக்குச் சிவக்க வருவார்கள். பள்ளிக்குத் தாமதமானாலும் விறகைக் காட்டித் தப்பித்துக்கொள்வார்கள். நான் மட்டும் கேஸ் வீட்டுப் பிள்ளையாக, நேரத்துக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"அவ போவ மாட்டா" என்றாள் அம்மா.

அந்த அகல்விளக்குத் தீயிலேயே பிடிவாதமாகச் சமைத்தாள். உச்சி வேளையில் ஏற்றிய மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, விளக்கு வைக்கும்போதுதான் வெந்தது. கேப்பைக்களி களியாக மறுத்து மாவாகவே தட்டுக்கு வந்தது. பக்கத்து வீட்டில் இரக்கப்பட்டு ஒரு கட்டு முள் கொடுத்தார்கள். அம்மா அதை வாசலிலேயே திருப்பிக் கொடுத்தாள். அப்பாவுக்கு வயிறு கடமுடா என்றது.

"சோறு வேவல. திமிரு மட்டும் நல்லா வெந்துக்கினு இருக்குது" என்றார்.

"வேவாததயே துன்னுங்க. ஒண்ணும் ஆயிடாது."

ஏஜென்சிக்கு எத்தனை முறை போன் செய்தாலும் மெக்கானிக் வருவார் என்றார்கள், அவர் வரவில்லை. மூன்றாம் நாள் காலை அம்மா அடுப்பை ஒரு யூரியா சாக்கில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டாள். காலாண்டு விடுமுறை என்பதால் நானும் போனேன். திண்டிவனத்தில் இறங்கி, மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஏஜென்சிக்கு நடந்தோம். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மெக்கானிக் லைனுக்குப் போயிருக்கான். போயிட்டுத் திங்கக்கெழம வா."

"மூணு நாளா அரிசி வேவல சார்."

"உங்களுக்கெல்லாம் வெறகே தேவலாம். யூஸ் பண்ணத் தெரியாம வாங்கிக்கினு போயி எங்கள பேஜாரு பண்ண வேண்டியது."

அம்மா சாக்கைத் தரையில் இறக்கினாள்.

"மொதல்ல வாங்க போங்கன்னு பேசுங்க சார். நானும் கையெழுத்து போட்டுத்தான் கனெக்ஷன் வாங்கினேன். இது எரியற வரைக்கும் நான் இங்கியே உக்காந்துக்கினு இருக்கேன். நீங்க உங்க வேலயப் பாருங்க."

சொன்னபடியே அறையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள். வந்தவர்கள் எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. கவுண்டர்க்காரர் இரண்டு முறை எழுந்து வந்து எழுந்திரு என்றார், மூன்றாம் முறை எழுந்திருங்க என்றார். அவள் அசையவில்லை. அப்படியே மதியம் இரண்டு மணி ஆயிற்று.

மெக்கானிக் வந்ததும் பர்னரை உருவிவிட்டு உள்ளே பார்த்தார். மெல்லிய கம்பியால் பித்தளை மூக்கைக் குத்தினார். காய்ந்த சந்தனம் மஞ்சளும் சிவப்புமாக மேசைமேல் உதிர்ந்தது.

"யாருங்க கேஸுக்குப் பொட்டு வெச்சது?"

ஆபீஸே சிரித்தது. கவுண்டர்க்காரர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். அம்மா அந்தச் சந்தனத் துணுக்குகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பொட்டு வைத்தது நான் என்பது மட்டுமல்ல, மூன்று நாளாகத் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதும் என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும்.

"நான்தான் வெச்சேன்" என்றாள் அம்மா. "என் அடுப்பு, என் பூச. அதுக்கு இன்னா இப்ப? சிரிச்சி முடிச்சிட்டீங்கன்னா அந்தக் கம்பிய இப்டி குடுங்க. இன்னொண்ண நான் எடுக்கறேன். அடுத்த வாட்டி உங்கள தேடிக்கினு வர மாட்டேன்."

மெக்கானிக் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கம்பியைக் கொடுத்தார். இரண்டாவது மூக்கை அவளே சுத்தம் செய்தாள். அங்கிருந்த சிலிண்டரில் மாட்டிப் பற்றவைத்தபோது தீ நீலமாக, வட்டமாக, இரைச்சலோடு எழுந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கவுண்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுப்பைச் சாக்கில் போட்டுக் கட்டினாள்.

பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. செய்த தப்புக்காக அழுததாக இப்போது சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல.

"அப்ப நான் முள்ளு ஒடைக்கப் போவ முடியாதா?"

"முடியாது."

"எல்லாப் பொண்ணுங்களும் போவுதுங்களே."

"போவட்டும். நீ போவ மாட்ட."

அவள் என்னை அடிக்கவில்லை. அப்பாவிடம், ஏஜென்சியில் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். அப்பா தானாகவே அவர்களைத் திட்ட ஆரம்பித்தார். அன்று சோறு பூவாக வெந்திருந்தது. நான் அதைத் தொடாமல், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட அம்மா எந்த வீட்டிலும் இல்லை என்று ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

அம்மா அப்பாவோடு மல்லுக்கட்டினாள், சித்தப்பாவின் வாயை அடைத்தாள், கவுண்டர்க்காரரை வாங்க போங்க என்று பேசவைத்தாள் என்று அப்புறம் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த மூன்று பேரையும் சமாளிப்பது அவளுக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. எதிரே நின்ற நாலாவது ஆள் நான்தான் என்பதும், எனக்காக என்னையே எதிர்த்துத்தான் அவள் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தாள் என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை.