அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள்

'குடியிருப்போர் கவனத்துக்கு: முன்கூட்டித் தெரிவிக்காமல் வீடு வீடாக உணவுப் பொருள் விநியோகிப்பதைத் தவிர்க்கவும். பூங்கா நடைபாதையில் அனைவரும் ஒரே திசையில் நடக்கவும்.'

எங்கள் குடியிருப்பு சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், ஆடி முதல் ஞாயிறு கழிந்த செவ்வாயன்று காலை வந்த அறிவிப்பு இது. அச்செடுத்து டைரியில் ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் வரி என் மனைவியால் வந்தது. இரண்டாவது வரி முழுக்க முழுக்க என்னால்.

அந்த வருடம் வைகாசியில்தான் திருநின்றவூருக்குக் குடிவந்தோம். அதுவரை, கல்யாணமான நாளிலிருந்து, புதுவாயலில் வாடகை வீடு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். மகளுக்குச் சென்னையில் வேலை. ரயிலுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று பார்த்தபோது, வெளிநாடு போகும் அவசரத்தில் ஒருவர் விற்ற வில்லா கிடைத்தது. பெரிய கேட், உள்ளே ஒரே அச்சில் வார்த்த வெள்ளை வீடுகள், நீச்சல் குளம், வாசலுக்கு வாசல் கேமரா வைத்த அழைப்பு மணி. கார் நிற்க வேண்டிய இடத்தில் சைக்கிள் நின்றது எங்கள் வீட்டில் மட்டும்தான்.

புதுவாயலில் நான் டீக்கடைக்குப் போய் வருவதற்குள் அரை ஊர் செய்தி தெரிந்துவிடும். இங்கே இரண்டு மாதமாகியும் பக்கத்து வீட்டுக்காரரின் காரைத் தெரியும், அவரைத் தெரியாது. அதனால் குறை ஒன்றும் இல்லை என்றுதான் இருந்தேன், மகளுக்கு வரன் வரும்வரை.

ஆனி மாதக் கடைசியில், திருப்பாச்சூர் கோயிலில் வைத்துப் பையன் வீட்டார் பெண் பார்த்தார்கள். அந்த ஊரிலேயே நிலம் வைத்து நெல் போடுகிற குடும்பம். பையன் இன்ஜினீயர். அவனும் என் மகளும் பிராகாரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார்கள். "உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டேன். "பரவால்லப்பா" என்றாள். அவள் பரவாயில்லை என்று சொன்ன விதத்தில் நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வரனைக் கொண்டுவந்தவள் திருவள்ளூரில் இருக்கும் என் தங்கை. அன்று மாலையே போன் செய்தாள்.

"ண்ணா, எல்லாருக்கும் பிடிச்சிக்கினு இருக்குது. ஆனா பையனோட தாய்மாமன் இருக்காரே, அவுருதான் அந்த ஊட்டுக்கு ஐகோர்ட்டு. நடவு நேரம்னு இன்னிக்கி வரல. அக்கம்பக்கத்துல விசாரிக்காம சரின்னு சொல்லமாட்டாரு."

"விசாரிக்கட்டுமே. புதுவாயல்ல போயி யாரை வேணா கேக்கச் சொல்லு."

"அத சொன்னேன்ணா. அது பழைய ஊடு, இப்ப எங்க இருக்காங்களோ அங்கதான் கேப்பேன்றாரு. சொல்லிக்கினும் வரமாட்டாரு."

போனை வைத்ததும் என் மனைவி கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "ஏங்க, இங்க யாரு இருக்காங்க, நம்மளப் பத்திச் சொல்ல?"

ஊர் நம்மை அறிய வேண்டும், அதுவும் தாய்மாமன் வருவதற்குள். அரசியல்வாதி என்றால் சுவரில் எழுதலாம். நான் காலை நடையில் ஆரம்பித்தேன்.

எங்கள் பூங்காவில் எல்லோரும் கடிகார முள் போகிற பக்கமாகத்தான் நடப்பார்கள். அவர்களோடு நானும் நடந்து பார்த்ததில் வாரம் முழுக்க முதுகுகள்தான் அறிமுகமாயின. ஆகவே எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தேன். இப்போது எல்லா முகங்களும் தெரிந்தன. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் வணக்கம் வைத்தேன். ஒருவர் காதிலிருந்து ஒரு குமிழைக் கழற்றி, "சாரி அங்கிள், கால்ல இருக்கேன்" என்றார். நான் அவர் காலைப் பார்த்தேன். போன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று புரிவதற்குள் அவருக்குப் பின்னால் இன்னொருவர் பிடித்து வந்த நாயின் கயிற்றில் என் கால் சிக்கியது. நாய்க்காரர் சங்கச் செயலாளர் என்பதை விழுந்து எழுந்த பிறகு தெரிந்துகொண்டேன்.

என் மனைவியின் வழி கூழ். ஆடி முதல் ஞாயிறன்று அண்டா நிறையக் காய்ச்சி, முருங்கைக்கீரைப் பொரியலோடு தூக்குகளில் ஊற்றி இருவரும் கிளம்பினோம். முதல் வீட்டில் மணியை அழுத்தியதும் கேமராவிலிருந்து ஒரு பெண்குரல்:

"எந்த ஆப்?"

"பதினாலாம் நம்பர் ஊட்லேர்ந்து வரோம்மா. ஆடிக் கூழு."

"நாங்க எதுவும் ஆர்டர் பண்ணலையே."

"ஆர்டர் இல்லம்மா, சும்மா குடுக்கறது."

"சரி, ஷூ ராக் மேல வச்சிட்டுப் போங்க. ஓடிபி வேணுமா?"

என் மனைவி கேமராவையே உற்றுப் பார்த்து, "எதுவும் வாணாம்மா. தூக்கை மட்டும் அப்பறமா குடுத்துடு" என்றாள். பல வீடுகளில் இப்படித்தான். மாலையில் பார்த்தால் தூக்குகள் வைத்த இடத்திலேயே இருந்தன. சிலது காலி, பலது அப்படியே. செவ்வாய்க்கிழமை அறிவிப்பு வந்துவிட்டது.

"பெயர் போடலயேப்பா, நம்மளச் சொல்லல" என்றாள் மகள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதற்கிடையே இன்னொரு அவதி. தாய்மாமனின் முகம் எனக்குத் தெரியாது. ஆகவே கேட்டுக்குள் வேட்டி கட்டி யார் வந்தாலும் அவராக இருக்கலாம். மின்கணக்கு எடுக்க வந்தவரைச் சோபாவில் உட்காரவைத்துப் பாதாம் பால் கொடுத்தோம். அவர் பயந்துபோய் மீட்டரை இரண்டு முறை பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு, செயலாளர் வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்று குழுவில் செய்தி. பிளம்பர் மாலைதான் வருவாராம். விழுந்த இடத்திலேயே எழ இதுதான் வாய்ப்பு என்று ஸ்பானரோடு போய் நின்றேன். கம்பியின் கனத்தைச் சொல்லச் சொன்னால் சொல்வேன். மோட்டார் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. "ஃபேக்டரில இருந்தவர், பார்க்கட்டும்" என்று அவரும் விட்டுவிட்டார். மூடியைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஏதோ தெறித்துத் தோட்டத்துக்குள் போயிற்று. நானும் அவரும் நாயும் தேடினோம். கிடைக்கவில்லை. அதுவரை ஓடாமல் இருந்த மோட்டார், இப்போது புகைந்தது.

"பரவால்ல சார், விடுங்க" என்றார் செயலாளர். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினால் குரல் எப்படி இருக்கும் என்று அன்று அறிந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கையோடு குடத்தை எடுத்தாள். "பாவம், ஊட்ல தண்ணி இல்லாம இன்னா பண்ணுவாங்க?" அவள் இடுப்பில் குடம், என் இரண்டு கையிலும் வாளி. அந்த வழவழப்பான தெருவில் தண்ணீர் தளும்பத் தளும்ப நடந்தோம். பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். "கேன் சொல்லிட்டோம் சார், ப்ளீஸ், வேண்டாம்" என்று செயலாளர் வாசலுக்கே வந்து கும்பிட்டார். "கேனு குடிக்கத்தானே சார், பொழங்கறதுக்கு?" என்று என் மனைவி அவரைத் தாண்டிப் போய்த் தொட்டியில் ஊற்றினாள். பிளம்பர் வரும்வரை நடந்தோம். புது மோட்டாருக்குப் பணம் தர முயன்றேன், வாங்க மறுத்துவிட்டார்.

அந்த வாரம் சனிக்கிழமை தங்கை போன் செய்தாள். "ண்ணா, மாமா காலைலயே வந்து விசாரிச்சிட்டுப் போய்ட்டாராம்."

நான் கேட்டுக்கு ஓடினேன். காவலாளி நிதானமாகச் சொன்னார்: "ஆமா சார், வெள்ள வேட்டி. வாடகைக்கு ஊடு பாக்கணும்னாரு. பார்க் பெஞ்சுல ஒருத்தர் கூட ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தாரு."

"யாரு கூடய்யா?"

"முதுகுதான் சார் தெரிஞ்சிது. கைய ஆட்டி ஆட்டிப் பேசிக்கினு இருந்தாரு. கோவமா இருந்தாப்ல தெரிஞ்சிது."

வீட்டில் இதை எப்படிச் சொல்வது? சொன்னேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மகள், "இதுல என்ன இருக்கு? வேணாம்னா வேணாம்" என்றாள். ஆனால் அன்றிலிருந்து குளிக்கப் போகும்போதும் போனைக் கொண்டுபோனாள். ஒரு வாரம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. பேச்சு மூச்சில்லை. என் நடையும் நின்றது. நான்கு வரி எழுதாமல் தூங்காத ஆள், அந்த நாட்களில் டைரியில் கிழமையை மட்டும் எழுதி மூடினேன். மகளின் கல்யாணத்தை அப்பனே வாளியில் மொண்டு கொட்டிவிட்டான் என்றுதான் தோன்றியது.

ஆவணி முதல் நாள் காலை மணி அடித்தது. வாசலில் வெள்ளை வேட்டி, கையில் பூவும் பழமும் வைத்த பை.

"இன்னா சம்பந்தி, காப்பி கெடைக்குமா?"

சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மாடியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. போனாகத்தான் இருக்கும்.

காபி குடித்து முடித்ததும் நானே கேட்டுவிட்டேன். "விசாரிச்சீங்களாமே. கோவமாப் பேசினாராமே ஒருத்தர்."

தாய்மாமன் வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் எத்தினியோ ஊட்டப் பத்தி விசாரிச்சிருக்கேன் சம்பந்தி. யாரக் கேட்டாலும் 'நல்லவங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போய்க்கினே இருப்பாங்க. அதுக்கு இன்னா அர்த்தம்? நமக்கு எதுக்கு வம்புன்னு அர்த்தம். உங்களப் பத்தி இந்த ஆளு என்ன ஒக்கார வெச்சித் திட்டினாரு பாருங்க! 'ஏங்க, பெரிய பேஜாருங்க. வாணாம்னாலும் கூழு ஊத்தறாங்க. நடக்க வுடாம நேருக்கு நேரா வந்து கும்புடறாரு. தெரியாத மோட்டார நோண்டிக் கெடுத்துட்டு, ஞாயித்துக்கெழம முழுக்கப் பொண்டாட்டியும் புருசனுமா தண்ணி சொமந்து மானத்த வாங்கறாங்க. காசு வேற குடுக்க வராங்க'ன்னாரு. வேற எதனா தப்பு தண்டா உண்டான்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சாரு. 'வேற ஒண்ணுமில்ல, இதான்'னாரு. இந்த பேஜாரு நம்ம ஊட்டுக்கு வேணும்னு அங்கேர்ந்தே எங்க அக்காவுக்குப் போன் போட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் இத்தினி நாளு சொல்லல?" என்றாள் என் மனைவி, அழுகையும் கோபமுமாக.

"ஆடி மாசத்துல நல்ல சேதி சொல்லுவாங்களாம்மா?"

எதற்கெடுத்தாலும் காலண்டர் பார்க்கிறவன் நான். ஆடிக்குக் கூழ் ஊற்றிய எனக்கு அது தோன்றவே இல்லை.

கல்யாணம் ஐப்பசியில் நல்லபடியாக நடந்தது. குழுவில் முன்கூட்டித் தெரிவித்துவிட்டுப் பத்திரிகை கொடுக்கப் போனோம், கதவுகள் திறந்தன. மண்டபத்தில் எங்கள் குடியிருப்புக்காரர்கள் இரண்டு வரிசை உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பெஞ்சில் இருந்தவர் யார் என்று தாய்மாமனைக் கேட்டேன். பேர் கேட்கவில்லையாம். "அரை டவுசரு, வெள்ள ஷூ, கையில நாயி" என்றார். காலை வேளையில் எங்கள் குடியிருப்பில் பாதி ஆண்களுக்கு இதே அடையாளம்தான். தண்ணீர் சுமந்ததைத் தெருவே பார்த்தது. காசு கொடுக்கப் போனது செயலாளருக்குத்தான் தெரியும், ஆனால் அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார் என்பதற்கும் சாட்சி இல்லை. அவரையே கேட்டேன். "நான் எதுக்கு சார் உங்களப் பத்திப் பேசப் போறேன்?" என்று குனிந்து நாயின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். அது நேராகத்தான் இருந்தது. இதை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்பதால், பெஞ்சில் இருந்தவர் யார் என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை என்றே டைரியில் எழுதியிருக்கிறேன். யாராக இருந்தாலும், பேரே தெரியாத எங்களை அந்த அளவுக்கு மனம்விட்டுத் திட்ட ஒருவர் இருந்தார் என்று அறிந்த பிறகுதான், அந்த வெள்ளை வீட்டில் என் தூக்கம் சொந்த ஊர்த் தூக்கமாயிற்று.