சகலையின் கையில் ஜெர்மன் நேரம்

முதலில் ஒரு மன்னிப்பு. பத்திரிகை ஆபீசில் என் கையெழுத்தைப் படித்துக் கம்ப்யூட்டரில் அடிக்கும் அம்மணிக்கு இந்த வாரம் வேலை கூடுதல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ர’ என்பது எனக்கு இன்றைக்கும் குத்துமதிப்புதான். பிழைகளை அவர் திருத்திய பிறகே நீங்கள் படிக்கிறீர்கள் என்பதால் என் மானம் இதுவரை தப்பித்து வருகிறது.

ஆனால் இந்த வாரம் எழுத்து வழக்கத்தைவிடக் கோணலாக இருந்தால், அதற்குக் காரணம் படிப்பு இல்லை.

வயிற்றெரிச்சல்.

மூன்று வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எழுதினால் சகலையைத் திட்டுவது போல ஆகிவிடும். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சரி, எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

சகலை என்றால் என் மனைவி சரஸ்வதியின் தங்கை வீட்டுக்காரர், சென்னியப்பன். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு. பம்புக்கு வேண்டிய இரும்பு வார்ப்பு செய்யும் பட்டறை ஒன்றும் உண்டு. கலகலப்பானவர். யாருடனும் பேசிவிடுவார். என்னை வாய் நிறைய ‘அண்ணா’ என்பார். கெட்ட மனிதராக இருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்படலாம். நல்ல மனிதர் மேல் பொறாமைப்படுவது இருக்கிறதே... அது தனிக் கஷ்டம்.

போன ஜூலையில் மெஷின் கண்காட்சி பார்க்க ஜெர்மனி போனார். திரும்பி வந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தார். எல்லாருக்கும் சாக்லேட். தன் கைக்கு மட்டும் ஒரு வாட்ச்.

“சாவி கொடுக்க வேண்டாமுங்க, திருப்பி வைக்க வேண்டாமுங்க. தானா டைம் வெச்சுக்குமுங்கண்ணா” என்றார்.

“தானாவா? அது எப்படிங்க?” — கேட்டது சரஸ்வதி. நான் கேட்கவில்லை. கேட்டால் ஆச்சரியப்பட்டதாக ஆகிவிடுமே!

சென்னியப்பன் சொன்னார். அழகாகவே சொன்னார், அதுதான் எரிச்சல். ஜெர்மனியில் ஒரு ஊருக்குப் பக்கத்தில் பெரிய கோபுரங்கள். அங்கே நம் பேரன் பேத்தி காலம் வரைக்கும் ஒரு நொடி தப்பாத கடிகாரம் ஒன்று. அது சொல்லும் நேரத்தைக் கோபுரம் ரேடியோ அலையாக ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டே இருக்கும். நொடிக்கு ஒரு முறை அந்த அலை சற்று அடங்கி எழும். சில நொடி கொஞ்சமாக அடங்கும், சில நொடி கூடுதலாக. குட்டி அடக்கம் ஒரு எழுத்து, நீள அடக்கம் இன்னொரு எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டால் மணி, நிமிடம், தேதி, கிழமை எல்லாம் வந்து சேர்ந்துவிடும். எல்லாரும் தூங்கிய பிறகு, இரைச்சல் குறைந்த நேரத்தில், வாட்ச் தானாகவே அதைக் கேட்டு முள்ளைச் சரி செய்துகொள்ளும்.

“உள்ள ஒரு குட்டி ஆண்டெனா இருக்குதுங்கண்ணா. வேற ஒண்ணுமில்லீங்க, காயில்தான். நீங்க மோட்டாருக்குச் சுத்தறீங்களே, அதே சோலிதான். தலைமுடி மாதிரி கம்பி.”

சிங்காநல்லூரில் இருபது வருடமாக மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுகிறவன் நான். என் தொழிலை வைத்தே எனக்கு விளக்கம்!

உங்களுக்குத் தெரியும், நான் கூச்ச சுபாவம். பத்திரிகையில் இத்தனை வாயடிக்கிறவன், நாலு பேர் கூடிய இடத்தில் ஒரு ஓரமாக நிற்பேன். ஆனால் எங்கள் ஒறம்பரையில், அதாவது சொந்தபந்தத்தில், எனக்கு என்று ஒரே ஒரு மரியாதை உண்டு. கல்யாணமோ, காதுகுத்தோ, புது போர்வெல் பூஜையோ... நல்ல நேரம் பிறந்ததா என்று என்னைத்தான் கேட்பார்கள். மாமனார் போட்ட சாவி வாட்ச்சைத் தினமும் காலை ரேடியோ செய்திக்கு முன்னால் வரும் ‘பீப்’ சத்தத்துக்கு நொடி சுத்தமாக வைத்துவிடுவேன். வேண்டுதல் மாதிரி. காய்ச்சல் என்றாலும் விட்டதில்லை. கூட்டத்தில் யாரும் என்னிடம் வேறு எதுவும் கேட்பதில்லை. “மணி என்னங்க?” — அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் உண்டு.

இப்போது அந்தக் கேள்வியும் கிணத்துக்கடவுக்குப் போய்விட்டால்?

அன்று ராத்திரி சரஸ்வதி சொன்னாள்: “மூஞ்சியை ஏனுங்க இப்படி வெச்சிருக்கீங்க? உங்களுதும் ரேடியோ வாட்ச்தானுங்க. என்ன... ஆண்டெனா நீங்க.”

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி வந்திருந்தார் சென்னியப்பன். பேச்சுவாக்கில் என் வாட்ச்சையும் அவர் வாட்ச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் இடத்தில் இருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜெர்மன் வாட்ச்சில் சரியாக அரை மணி நேரம் குறைவு!

என் நெஞ்சுக்குள் ஒரு மோட்டார் ஓட ஆரம்பித்தது.

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அண்ணா, உங்ககிட்ட மட்டும் சொல்றனுங்க. அந்தக் கோபுரத்து அலை நம்மூர் வரைக்கும் எட்டாதுங்க. இங்க இது சும்மா பேட்டரி வாட்ச் மாதிரிதான் ஓடுது. ஊருக்கு ஊர் நேரம் மாத்தறதுக்குப் பொத்தான் இருக்குது. ஆனா அது ஒரு மணி, ரெண்டு மணின்னு முழுசாத்தான் தாண்டும். அவங்களுக்கும் நமக்கும் இப்ப மூணரை மணி வித்தியாசம். அந்த அரையை எங்க கொண்டு போறது? மனசுலயே அரை மணி கூட்டிக்கறனுங்க.”

“யாருக்கும் தெரியாதா?”

“எங்க ஊட்டுக்காரிக்குக் கூடத் தெரியாதுங்க. ஆசையா எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேன்... இனி எப்படிங்க மாத்திச் சொல்றது?”

அன்று நான் மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். ரகசியம் தெரிந்த பொறாமைக்காரனுக்குப் பசி நன்றாக எடுக்கிறது.

ஆனால் ரகசியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஊரெல்லாம் அந்த வாட்ச் பேச்சு. என் பட்டறைக்கு வருகிறவர்கள்கூட, “உங்க சகலை வாட்ச் தானா டைம் வெச்சுக்குமாமா?” என்று கேட்கிறார்கள். “ஆமாங்க” என்பேன். கையிலிருக்கும் கம்பியை இன்னும் இறுக்கிச் சுற்றுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் மூன்று வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்தது. என் மகள் கோகிலாவுக்கு நிச்சயம். எங்கள் பக்கத்தில் உப்புச் சர்க்கரை மாற்றுவது என்போம். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொண்டால் வார்த்தை முடிந்தது. பிறகு பின்வாங்குவது கிடையாது. பத்து மணிக்கு மேல், பத்தரைக்குள் மாற்ற வேண்டும் என்று குறித்திருந்தது. பத்தரைக்கு மேல் ராகு காலம். வெள்ளிக்கிழமை ராகு காலம் எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும்.

மாப்பிள்ளை வீட்டார் கொடுமுடி. மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து, மஞ்சள் வியாபாரி. இடம் நன்றாக அமைந்தது, மனிதரும் கனமானவர், சகுனத்தில் பிடிவாதக்காரர். ஏற்கனவே ஒரு இடம் நேரம் தப்பிப்போனதால் வேண்டாம் என்று எழுந்து வந்தவர் என்று தரகர் என் காதில் போட்டிருந்தார்.

என் வீடு. என் மகள். என் வாட்ச். காலையில் ‘பீப்’புக்கு வைத்து, கையில் கட்டி, சட்டைக் கையை ஒரு மடிப்பு மேலே ஏற்றிவிட்டு, தாம்பாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்பார்கள் அல்லவா?

கேட்டார்கள். சென்னியப்பனை!

“ஏனுங்க, ஜெர்மனியில இருந்து வாங்கியாந்தது அதுதானுங்களா?” என்றார் நாச்சிமுத்து. “குடுங்க பாக்கலாம்.”

சென்னியப்பன் கழற்றிக் கொடுத்தார். வேறு வழி? அது வெற்றிலைத் தட்டு மாதிரி கைக்குக் கை போனது. கடைசியில் நாச்சிமுத்து அதை வாங்கி, தாம்பாளத்தில் உப்புக்கும் சர்க்கரைக்கும் நடுவில், மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இதுல பத்து ஆகட்டுமுங்க. மாத்திக்கலாம்.”

என் வாட்ச்சில் பத்து தாண்டி ஐந்து நிமிடம். தாம்பாளத்து வாட்ச்சில் ஒன்பது முப்பத்தைந்து. அதில் பத்து ஆகும்போது நிஜத்தில் ராகு காலம் பிறந்துவிடும்.

சுவரில் கடிகாரம் இருந்தது. அதுவும் பத்தைத் தாண்டியிருந்தது. ஒருவர் அதைக் காட்டினார்.

“சுவத்துக் கடிகாரத்தை எல்லாம் நம்பறதுங்களா? வேகமா ஓடிப்போயிருச்சாட்ட இருக்குது” என்றார் நாச்சிமுத்து.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சோமனூரிலிருந்து வந்த சரஸ்வதியின் பெரியப்பா தன் வாட்ச்சைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார். தப்பு செய்துவிட்டவர் மாதிரி சாவியை இழுத்து, முள்ளை அரை மணி பின்னால் தள்ளினார். பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்துத் தானும் தள்ளினார். பிறகு கொடுமுடிக்காரர்கள் இரண்டு பேர். கூடத்தில் அத்தனை பேரின் வாட்ச்சும் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் அதைத் தப்பாக்கிக்கொண்டார்கள்... தானாக டைம் வைத்துக்கொள்ளும் வாட்ச்சே சொல்லும்போது நம்முடையது எந்த மூலைக்கு?

சென்னியப்பனைப் பார்த்தேன். முகம் வேர்த்து வழிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு வார்த்தை. “அதுல அரை மணி கம்மிங்க.” இதைச் சொன்னால் போதும். ஒன்றரை மாத எரிச்சல் அடங்கிவிடும், என் மகள் காரியமும் நடந்துவிடும். ஒரே கல்லில் எல்லாம். இப்படி ஒரு வாய்ப்பை எந்தக் கடவுள் எந்தப் பொறாமைக்காரனுக்குக் கொடுப்பார்?

ஆனால் வாய் வரவில்லை. ‘உங்ககிட்ட மட்டும்’ என்று அவர் சொன்னது ஒரு பக்கம். கூடம் நிறைய ஆட்கள் இன்னொரு பக்கம்.

சமையல்கட்டு வாசலில் சரஸ்வதி. “என்னங்க, பத்து இருவதாச்சுங்க. வாயைத் தொறங்க!” பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் பட்டுப் புடவையில் கோகிலா. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஜெர்மன் வாட்ச்சைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த நேரம் அது ஒன்றுதான்.

எழுந்துவிட்டேன். “ஏனுங்க சம்பந்தி...” என்றேன். பாதிக் குரல்தான் வெளியே வந்தது.

மீதிக் குரல் வருவதற்குள் சென்னியப்பன் எழுந்தார்.

“மன்னிக்கோணுமுங்க. அந்த வாட்ச்ல அரை மணி கம்மிங்க. ஜெர்மனிக்காரன் சிக்னல் இங்க எட்டாதுங்க. இத்தனை நாளா நானே மனசுல கூட்டிக் கூட்டித்தான் சொல்லிட்டிருந்தேன். எங்க அண்ணன் வாட்ச்தானுங்க சரி. இப்பவே மாத்துங்க, நேரம் போகுது!”



நாச்சிமுத்து என் பக்கம் திரும்பினார். “மணி என்னங்க?”

“பத்து இருபத்திரண்டுங்க” என்றேன். என் வாழ்க்கையில் நான் சபையில் பேசிய மிகப் பெரிய வசனம் அதுதான்.

உப்பும் சர்க்கரையும் கை மாறின. ராகு காலம் வாசலுக்கு வரும் முன்னே முடிந்தது. சோமனூர்ப் பெரியப்பா அவசர அவசரமாகச் சாவியை இழுத்து முள்ளை முன்னால் தள்ளினார். கோகிலா சிரித்துவிட்டாள்.

ஜெயித்துவிட்டேன் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். பந்தியில் உட்காரும் வரைக்கும்.

“இப்படி ஒரு மனுசனை நான் பாத்ததில்லீங்க” என்றார் நாச்சிமுத்து, சாப்பிட்டுக்கொண்டே. “தன்ற பொருளைத் தானே குறை சொல்றாரு, அதுவும் நாலு பேர் முன்னால. இப்படிப்பட்டவர் இருக்கற ஊட்டுல பொண்ணெடுக்கறது எங்க கொடுப்பினைங்க.” இலைக்கு இலை அதே பேச்சு. என்ன நேர்மை, என்ன பணிவு! நொடி தப்பாமல் நேரம் சொன்னவனை யாரும் பேசவில்லை. சரியான நேரம் சொல்வது என்ன பெரிய காரியம்? தப்பான நேரத்தைத் தப்பு என்று ஒப்புக்கொள்வதல்லவா காரியம்.

கை கழுவும் இடத்தில் சென்னியப்பன் கேட்டார்: “நீங்களே சொல்லியிருக்கலாமேங்கண்ணா?”

“என்கிட்ட மட்டும்னு சொன்னீங்களே.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கண் கலங்கியிருந்தது. “உங்க மாதிரி வருமாங்கண்ணா!” என்றார். அந்தப் பாராட்டும் எனக்கு ருசிக்கவில்லை. நான் வாய் திறக்காததற்குப் பாதிக் காரணம் வாக்கு, மீதிக் காரணம் பயம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? பொறாமைப்படவும் விடமாட்டேன் என்கிறாரே!

கதை முடியவில்லை. அந்த அரை மணியைச் சரி செய்தே தீருவது என்று போன வாரம் டவுனில் ஒரு கடைக்கு வாட்ச்சைக் கொண்டு போயிருக்கிறார். கடைக்காரர் பின்மூடியைத் திறந்து, பேட்டரியை எடுத்து, திரும்பப் போட்டிருக்கிறார். அவ்வளவுதான். முள் இரண்டும் ஓடிப்போய்ப் பன்னிரண்டில் நின்றுவிட்டன. கோபுரத்திலிருந்து அலை வந்தால்தான் இனி அசையுமாம். வராத அலைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது தினமும் காலையில் கிணத்துக்கடவிலிருந்து போன் வருகிறது. “ஏனுங்கண்ணா, மணி என்னங்க?” சொல்கிறேன். அதைக் கேட்டு வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொள்கிறார். இருந்த இடத்திலிருந்தே நேரம் அனுப்புகிறேன். கோபுரத்துக்கும் எனக்கும் உயரம்தான் வித்தியாசம்.

நேற்று ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். சென்னியப்பன் அதே வாட்ச்சைத்தான் கட்டியிருந்தார், பன்னிரண்டில் நின்றபடி. சபையில் குறையை ஒப்புக்கொண்ட வாட்ச் இதுதானா என்று பத்துப் பேர் சுற்றி நின்று அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடுகிற என் வாட்ச்சை ஒருவரும் பார்க்கவில்லை.

13.9.1996, வெள்ளிக்கிழமை. ராகு காலம் முடிந்த பிறகு, என் வாட்ச்படி.